எண்ணூர் வெள்ளம் பூண்டியில் தொடங்குகிறது: வடசென்னையின் பேரிடர்த் திட்டத்தில் எதைத் திருத்த வேண்டும்?

ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கும். மோட்டார் பம்பு எத்தனை, படகு எத்தனை, நிவாரண மையம் எத்தனை என்று மண்டலவாரியாகக் கணக்கு வாசிப்பார்கள், பேரிடர் மேலாண்மைத் திட்டம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று செய்தி வரும். வெறும் சடங்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் பரிசீலித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமே சொல்கிறது. எப்படிப் புதுப்பிப்பது என்பதில்தான் சிக்கல். மாற்றலாகிப் போன அதிகாரியின் பெயரை எடுத்துவிட்டுப் புதியவரின் பெயரையும் செல்போன் எண்ணையும் போடுவதும் புதுப்பித்தல்தான், போன மழையில் எந்தக் கணக்கு தப்பிப்போனது என்று பார்த்து வரைபடத்தையே திருத்தி வரைவதும் புதுப்பித்தல்தான். வடசென்னைக்கு வேண்டியது இரண்டாவது.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் என்று தனியாக ஒன்றை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது அது. மாநகராட்சி ஆணையர் அதற்குத் தலைவர், மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர், நகரத்துக்கென்று தனித் திட்டம் எழுதுவது அதன் வேலை. அப்படி எழுதும் திட்டத்தில் வடசென்னை எந்த மாதிரி இடம்பெறப் போகிறது என்பதை எழுதி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பொதுவாக இந்தத் திட்டங்களில் புயலுக்கு ஓர் அத்தியாயம், வெள்ளத்துக்கு ஒன்று, சுனாமிக்கு ஒன்று, நிலநடுக்கத்துக்கு ஒன்று, தொழிற்சாலை விபத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதல்களும் அப்படித்தான் வந்தன, ரசாயன விபத்துக்கு 2007இல், நகர வெள்ளத்துக்கு 2010இல். படிப்பதற்கு வசதியான பிரிவினைதான். ஆனால் எண்ணூரிலும் மணலியிலும் ஆபத்து அத்தியாயம் பார்த்து வருவதில்லை.

2023 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கடந்தது. அதற்கு முன்பே 3, 4 தேதிகளில் சென்னை மேல் கொட்டித் தீர்த்துவிட்டது. மணலியில் தேங்கிய வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் கறுப்புக் கோடு. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எண்ணெயை அள்ளும் வேலையில் மீனவர்களும் இறங்க வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளியில்தான் அள்ளினோம். ஆறு வருடம் கழித்தும் அதிலிருந்து பெரிதாக முன்னேறிவிடவில்லை.

அந்த எண்ணெய் காய்வதற்குள், அதே டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு, பெரியகுப்பம் பக்கத்தில் கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. மூச்சுத் திணறி எழுந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலும் நடந்தும் ஊரைவிட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2004இல் சுனாமி வந்த அதே தேதி அது என்பது தற்செயல்தான்.

ஒரே மாதத்தில் வெள்ளம், எண்ணெய், வாயு. இவற்றில் எண்ணெய்க் கசிவை இயற்கைப் பேரிடர் என்பதா தொழிற்சாலை விபத்து என்பதா? இரண்டும்தான். வெள்ளம் வராமல் இருந்திருந்தால் அது ஊருக்குள் வந்திருக்காது, ஆலை வளாகத்தில் எண்ணெய் இல்லாமல் இருந்திருந்தால் வந்தது வெறும் மழைத்தண்ணீர். இயற்கைச் சீற்றம் தூண்டிவிடும் தொழிற்சாலை விபத்து என்று இந்த வகையைத் தனியாகவே ஆராய்கிறார்கள். வடசென்னையின் திட்டம் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் மழைநீர் போகும் பாதையும் எண்ணெய், உரம், அனல்மின் நிலையச் சாம்பல் எல்லாம் இருக்கும் இடமும் இங்கே ஒன்றாகத்தான் இருக்கின்றன.

அந்தப் பாதையைக் கொஞ்சம் பார்ப்போம். சென்னையில் ஆறு என்றால் கூவமும் அடையாறும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எல்லோர் வாயிலும் இருந்தது செம்பரம்பாக்கம். வடசென்னையின் ஆறு கொசஸ்தலை. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் அதன் தண்ணீர் இந்த ஆற்றில்தான் வருகிறது. பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டியது, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பினால் உபரி நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, காரனோடை, வல்லூர் அணைக்கட்டு என்று இறங்கி, மணலி புதுநகர், சடையங்குப்பம் ஓரமாக எண்ணூருக்கு வரும். புழல் ஏரியின் உபரி நீர்க் கால்வாயும் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாக அதே பக்கம்தான் வருகிறது. ஊருக்குள் ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் எல்லாம் பக்கிங்காம் கால்வாயில் விழ, அதுவும் வடக்கே போய் எண்ணூர்க் கழிமுகத்தில் முடிகிறது. பூண்டியிலிருந்து புளியந்தோப்பு வரை பெய்கிற மழைக்கெல்லாம் வெளியே போக இருப்பது அந்த ஒரு முகத்துவாரம்.

அந்த முகத்துவாரம் எப்படி இருக்கிறது என்று முகத்துவாரக்குப்பத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். மணல் திட்டு சேர்ந்து அடைத்துக்கொள்ளும், தூர் வாருவார்கள், மறுபடி அடைத்துக்கொள்ளும். அனல்மின் நிலையக் குழாய்களில் கசிந்த சாம்பல் பல வருடமாகப் படிந்து கழிமுகத்தின் ஆழமே குறைந்துவிட்டது. புயல் நேரத்தில் கடல் மட்டம் ஏறி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பின்னால் தேங்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுத் தெருவில் வடிகால் மட்டும் கட்டினால், தொட்டியின் அடைப்பை எடுக்காமல் குழாயைப் பெரிதாக்கின கதைதான். கொசஸ்தலை வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடனில், 2021இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின்படி 588 கிலோமீட்டர் புது மழைநீர் வடிகால் கட்டுகிறார்கள். தேவையான வேலைதான், திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் 2011இல் மாநகராட்சியோடு சேரும்வரை தனித்தனி நகராட்சிகளாக இருந்து வடிகால் விஷயத்தில் ரொம்பவே பின்தங்கிப் போயிருந்தன. ஆனால் அந்த வடிகால்கள் கொண்டுவரும் தண்ணீரும் கடைசியில் அதே வாசலில்தான் நிற்கும்.

அப்புறம் எல்லைத் தகராறு. கழிமுகத்தின் தென்கரை சென்னை மாவட்டம், வடக்கே அத்திப்பட்டு, மீஞ்சூர் எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். பூண்டியைத் திறந்து மூடுவது நீர்வளத் துறை. தெருவில் தேங்கும் தண்ணீருக்கு மாநகராட்சி, சாக்கடைக்குக் குடிநீர் வாரியம், துறைமுகத்துக்கு ஒன்றிய அரசு, ஆலைப் பாதுகாப்புக்குத் தொழிலகப் பாதுகாப்புத் துறை. தண்ணீருக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. நகர்ப்புற ஆணையம் வந்தாலும் அதன் அதிகாரம் மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரோடு நின்றுவிடும், கொசஸ்தலையின் பெரும்பகுதி அதற்கு வெளியே. ஆகவே திட்டம் எழுதும்போது வார்டு எல்லையைத் தள்ளிவைத்துவிட்டு, பூண்டி முதல் எண்ணூர் வரை வடிநிலத்தை ஒரே வரைபடமாக எடுத்து, திருவள்ளூர் ஆட்சியரையும் நீர்வளத் துறையையும் அதில் கையெழுத்துப் போட வைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் இப்போது மாவட்டத் திட்டத்தில் உள்ள ஓட்டை நகரத் திட்டத்துக்கும் அப்படியே வரும்.

எச்சரிக்கை விடுவதில் இந்த ஓட்டை நன்றாகவே தெரிகிறது. ஏரி திறக்கும்போது விநாடிக்கு இத்தனை கன அடி, இன்னின்ன ஊர்களில் தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பாக இருக்கவும் என்று அறிவிப்பு வரும். பூண்டியில் 10,000 கன அடி திறந்தால் மணலி புதுநகரில் எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று அதில் இருக்காது. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து பெரிய அளவில் தண்ணீர் வந்து மணலி புதுநகருக்குள் புகுந்தது, கன அடிக் கணக்கு அதற்கு முன்பே எல்லோர் போனிலும் இருந்தது, ஆனால் அதை வைத்து ஒருவர் என்ன முடிவெடுக்க முடியும்? பூண்டித் தண்ணீர் எண்ணூர் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும், அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கும் லாபம். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021, ஏற்கெனவே உள்ள அணைகளுக்கும் 5 ஆண்டுக்குள் அவசரச் செயல்திட்டம் தயாரிக்கச் சொல்கிறது. அதில் வரும் வெள்ள வரைபடத்தை நகரத் திட்டத்தோடு சேர்த்துத் தெரு அளவுக்கு இறக்கினால் கன அடி என்பது மக்களுக்குப் புரிகிற சேதியாக மாறும். சென்னைக்கென்று சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்கணிப்பு அமைப்பை தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் உருவாக்கி வருடங்கள் ஆகின்றன. கணிப்பு இல்லாமல் இல்லை. கணிப்பிலிருந்து தெருவுக்கு வரும் கடைசிக் கட்டம்தான் இல்லை.

சரி, சேதி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மக்கள் என்ன செய்ய வேண்டும்? வடசென்னையில் இந்தக் கேள்விக்கு நாலு பதில் இருக்கிறது, நாலும் ஒன்றுக்கொன்று மோதுகின்றன. வெள்ளம் என்றால் மாடிக்கு ஏறு. புயல் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு. சுனாமி என்றால் கடலுக்கு எதிர்த்திசையில், மேற்கே ஓடு. அமோனியா என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே விலகிப் போ, முடியாவிட்டால் ஜன்னலை அடைத்து ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளேயே இரு. வெள்ளமும் வாயுவும் சேர்ந்து வந்தால்? முழங்கால் தண்ணீரில், கரண்ட் இல்லாத இரவில், காற்றுக்குக் குறுக்கே எந்தச் சந்து வழியாகப் போவது? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாத திட்டம் எண்ணூருக்கான திட்டமே இல்லை. வாடைக்காலத்தில் காற்று கடலிலிருந்து ஊர்ப் பக்கம்தான் அடிக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள், வெள்ளத்துக்கும் அதுதான் சீசன்.

மேற்கே ஓடுவதும் லேசில்லை. திருவொற்றியூரில் கடற்கரையிலிருந்து மேற்கே போனால் முதலில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலை. அடுத்து திருவொற்றியூர் ஹைரோடு, அப்புறம் கும்மிடிப்பூண்டி ரயில் பாதை, அதைத் தாண்டி பக்கிங்காம் கால்வாய். எல்லாம் கடந்தால் மணலி தொழிற்சாலைகள்! 2004இல் சுமத்ரா நிலநடுக்கத்துக்கும் சென்னையில் அலை வந்ததற்கும் இடையில் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது, அன்று சொல்ல ஆள் இல்லை. இன்று ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் சில நிமிடங்களில் சொல்லிவிடும், 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா மறுபடி குலுங்கியபோது சென்னையிலும் மக்களை வெளியேற்றினார்கள். மிச்சமிருப்பது தரையில் நடக்க வேண்டிய வேலை: எந்தக் குப்பத்தார் எந்த கேட்டைத் தாண்டி எந்தப் பாலத்தில் ஏறுவது, அந்த நேரத்தில் லாரிகளை யார் நிறுத்துவது, கேட் மூடியிருந்தால் ரயில்வேயில் யாரைக் கூப்பிடுவது. ஒடிசாவில் இரண்டு மீனவக் கிராமங்கள் 2020இல் யுனெஸ்கோவின் சுனாமித் தயார்நிலை அங்கீகாரம் பெற்றன. வெளியேறும் வழியை வரைபடமாக்கி ஊரில் பலகை வைப்பது, ஒத்திகை பார்ப்பது என்று அதில் கேட்கப்படுவது எதுவும் காசிமேட்டிலோ தாழங்குப்பத்திலோ செய்ய முடியாதது இல்லை.

கரையே பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது தனிக்கதை. வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், சென்னைத் துறைமுகம் அதை மறித்ததில் மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து வடக்கே கடல் ஊரைத் தின்றது. கல் கொட்டியும், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டும் தடுத்து வருகிறார்கள். வளைவு போட்ட இடத்தில் மணல் சேரும், அதற்கு வடக்கே அரிக்கும். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கடலுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

திரும்ப ஆலைகளுக்கு வருவோம், சட்டத்தில் கையில் பிடிக்க ஏதாவது இருக்கிறது என்றால் இங்கேதான். போபாலுக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளின்படி, பெரிய ஆலைகள் வளாகத்துக்குள்ளான அவசரத் திட்டம் எழுதி 6 மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். வளாகத்துக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டத்தை அரசுத் தரப்பு எழுத வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு, என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. 2023 டிசம்பர் இரவில் பெரியகுப்பத்து மக்கள் ஓடிய விதத்தைப் பார்த்தால் அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லி வைத்திருந்த மாதிரி தெரியவில்லை. இந்த வெளிவளாகத் திட்டம் ஒரு துறையின் பீரோவில், வெள்ளத் திட்டம் வேறு துறையின் பீரோவில். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து, ஆலையின் எந்தத் தொட்டி எத்தனை அடித் தண்ணீரில் மிதக்க ஆரம்பிக்கும், கழிவுநீர்க் குட்டை எப்போது கரை தாண்டும், பம்பு ஓட்டும் ஜெனரேட்டர் தரையில் இருக்கிறதா மேடையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடங்குகளையும் விட்டுவிடக்கூடாது. சுங்கத்துறை பறிமுதல் செய்த கிட்டத்தட்ட 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வருடக்கணக்காக இருந்தது, வர்தா புயல் 2016இல் சென்னையைப் புரட்டிப் போட்டபோதும் அங்கேதான் இருந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் இதே ரசாயனம் வெடித்த பிறகுதான் அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

நிலநடுக்கம் பற்றிச் சுருக்கமாக. நாட்டின் நிலநடுக்க மண்டல வரைபடத்தின் 2002 திருத்தத்தில் சென்னை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது, அதற்கு முந்தைய ஆண்டுதான் புதுச்சேரிக் கடலில் ஏற்பட்ட அதிர்வு இங்கேயும் உணரப்பட்டது. பெரிய நடுக்கம் வரும் என்று பயமுறுத்தும் அளவுக்கு இல்லை, ஆனால் நடுக்கமே இல்லாமல் 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடியிருப்பு வாரியத்தின் ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்களே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அதுபோன்ற பழைய கட்டடங்களின் பட்டியல் திட்டத்தில் இருந்தாக வேண்டும், புயலுக்கும் அது உதவும்.

வெயிலுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அது சத்தமில்லாமல் அடிக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, அதாவது இனி திட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. ஷீட் போட்ட வீடு, மரமில்லாத தெரு, பக்கத்தில் புகையும் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு, இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவர்கள் என்று வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வெயில் தாக்கும் விதம் வேறு. நீர்மோர்ப் பந்தல் வழிப்போக்கருக்குச் சரி. பகலில் போய் உட்காரக் குளிர்ந்த கூடம் ஒன்று வார்டுக்கு வார்டு வேண்டும், மழைக்கால நிவாரண மையத்தையே அதற்கும் தயார் செய்யலாம்.

நிவாரண மையம் என்றதும் இன்னொன்று. பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிகளையும் சமூக நலக் கூடங்களையும்தான் மையமாகக் குறித்து வைக்கிறார்கள். தெருவே முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது தரைத்தளப் பள்ளி எப்படி மையமாகும் என்று கேட்கவே வேண்டாம். கணேசபுரமும் ஜீவா ரயில் நிலையப் பக்கமும் சுரங்கப்பாதை மூழ்கினால் வியாசர்பாடியிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும் என்பதும் எழுதப்பட வேண்டிய விஷயம். டிஎன்-அலர்ட் செயலி, மாநில உதவி எண் 1070, மாவட்ட உதவி எண் 1077, மாநகராட்சியின் 1913 எல்லாம் நல்ல ஏற்பாடுகள், டவர் இருக்கும்வரை. மிக்ஜாமில் கரண்ட் போய் டவரும் படுத்தபோது வேலைக்கு வந்தது ஆட்டோ மைக்கும் மீனவ பஞ்சாயத்தின் ஸ்பீக்கரும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மைக்கும்தான். அவற்றுக்கு பேட்டரியும், யார் என்ன சொல்ல வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்து வைப்பதற்குப் பெரிய செலவு கிடையாது.

நம் பக்கத்தில் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும் ஏரியா சபையும் உண்டு, கூட்டம் நடந்தால் பெரும்பாலும் குப்பை, தெருவிளக்கு, குடிநீரோடு முடிந்துவிடும். மழைக்கு முந்தைய கூட்டத்தில் கவுன்சிலரிடமும் உதவிப் பொறியாளரிடமும் மூன்று விஷயம் எழுத்தில் கேட்கலாம்: எங்கள் தெருவுக்கு எந்த மையம், அதன் தரை சாலையைவிட உயரமா தாழ்வா; பூண்டியும் புழலும் எந்த அளவுக்குத் திறந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் வரும்; பக்கத்து ஆலையின் வெளிவளாகத் திட்டத்துக்குக் கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது, அதில் எங்கள் தெருவிலிருந்து யார் கலந்துகொண்டார். வாயால் சொன்னால் போதாது, கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தின் நகலை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், ஆகஸ்டில் போட்டால் அக்டோபர் மழைக்கு முன் கையில் இருக்கும்.